நுரையின் சூடு எங்கே இருக்கிறது?

பிரஷ்ஷும் கிண்ணமும் வைத்துச் சவரம் செய்கிறவர்கள் ஒரே இழுப்பில் முகத்தை முடித்துவிடுவதில்லை. முதலில் முடி படிந்திருக்கும் போக்கிலேயே ஒரு சுற்று. மறுபடியும் நுரை பூசிக் குறுக்கே ஒரு சுற்று. தாடையடியில் இன்னும் சொரசொரப்பு தட்டினால், மூன்றாவது தடவை பூசி எதிர்ப்போக்கில் ஒரு சுற்று. அவசரப்படாமல் செய்தால் கால் மணி நேரம் பிடிக்கும். முதல் பூச்சு இதமாக இருக்கும், இரண்டாவதில் வெதுவெதுப்பு மட்டும் மிஞ்சும். மூன்றாவது தடவை பிரஷ் கன்னத்தில் பட்டதும் உடம்பு லேசாகச் சிலிர்க்கும். கிண்ணமும் அதுதான், சோப்பும் அதுதான். பத்தே நிமிடத்தில் சூடு மட்டும் காணாமல் போயிருக்கிறது.

இது பார்ப்பதற்குப் புதிராகத்தான் இருக்கிறது. நுரை என்பது பெரும்பாலும் காற்று, காற்றோ வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். ஐஸ்கிரீம் பெட்டிக்குத் தெர்மகோல் போடுவதும் அது காற்று நிறைந்த நுரை என்பதால்தான். அப்படியானால் சவர நுரை தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள வேண்டாமா? ஏன் காப்பதில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், சூட்டைத் தக்கவைக்கும் வழிகள் அந்தக் கணக்கிலிருந்தே கிடைத்துவிடும்.

நன்றாக அடித்த நுரையில் கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்கு காற்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று பூச்சுக்கும் போதுமான நுரையில் சுமார் 15 கிராம் தண்ணீர் இருக்கும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஆறும்போது 4.2 ஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. ஆக, 45 டிகிரி சூட்டிலுள்ள நுரை அறை வெப்பநிலையான 25 டிகிரிக்கு இறங்கும்போது இழப்பது மொத்தம் 1260 ஜூல். அதே கிண்ணம் நிறைய வெந்நீர் இருந்தால் கணக்கு பல மடங்கு பெருகியிருக்கும். நுரைக்கு உருவம்தான் பெரிது. பை பெரிதாக இருக்கிறது, உள்ளே கிடப்பது சில்லறை.

தெர்மகோல் காப்பது தன் சூட்டை அல்ல, தனக்குள் வைத்த பொருளின் சூட்டையோ குளிர்ச்சியையோதான். சவர நுரைக்குப் பின்னால் அப்படி எந்தப் பொருளும் இல்லை. காக்கும் சுவரும் அதுவே, காக்கப்பட வேண்டிய சரக்கும் அதுவே. நுரை தண்ணீரைவிட மிகக் குறைவாகத்தான் வெப்பத்தைக் கடத்துகிறது, உண்மை. ஆனால் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் வெப்பத்தைத் தேக்கும் திறனும் அதற்குக் குறைந்துவிட்டது. ஒரு பொருள் எவ்வளவு சீக்கிரம் ஆறும் என்பதை இந்த இரண்டுக்கும் உள்ள விகிதமே தீர்மானிக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், கன்னத்தில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பூசிய நுரையும் அதே கனத்துக்கு நிற்கும் தண்ணீர்ப் படலமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஆறும். ஒன்றிரண்டு நிமிடம், அவ்வளவே. இன்னொன்றும் நடக்கிறது. குமிழிகளுக்குள் இருப்பது வறண்ட காற்று அல்ல, நீராவி நிறைந்த காற்று. குமிழியின் சூடான பக்கத்துச் சுவரில் தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்த பக்கத்துச் சுவரில் போய்ப் படிகிறது. படியும்போது தான் சுமந்து வந்த வெப்பத்தை அங்கே இறக்கி வைக்கிறது. சூடான நுரை நாம் எதிர்பார்ப்பதைவிட வேகமாக வெப்பத்தை வெளியே கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த 1260 ஜூல் எங்கே போகிறது? முதலில் கிண்ணத்துக்கு.

300 கிராம் எடையுள்ள பீங்கான் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் ஒரு கிராமுக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.8 ஜூல் வாங்கிக்கொள்ளும். கிண்ணம் முழுவதையும் ஒரு டிகிரி ஏற்ற 240 ஜூல் வேண்டும். நுரையிடம் ஒரு டிகிரிக்கு இருப்பது 63 ஜூல். 25 டிகிரியில் இருக்கும் கிண்ணத்தில் 45 டிகிரி நுரையை அடித்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்தால், அது 29 டிகிரியில் வந்து நிற்கும். வெளியே ஒரு துளி வெப்பம்கூடப் போக வேண்டியதில்லை, கிண்ணமே முக்கால்வாசிக்கு மேல் உறிஞ்சிவிடும். நுரை அசையாமல் கிடந்தால் இதற்கு நேரமாகும். நாமோ பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றிக் கலக்கி, எல்லா நுரையையும் மாற்றி மாற்றிக் கிண்ணச் சுவரில் தேய்க்கிறோம். நுரையைக் குளிர வைக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அந்தக் கிண்ணத்தை முன்கூட்டியே வெந்நீரில் ஊற வைத்து 50 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால், உறிஞ்சிய கிண்ணமே இப்போது கொடுக்கும் கிண்ணமாகிறது. 50 டிகிரியிலிருந்து 40க்கு இறங்குவதற்குள் அது 2400 ஜூல் கொடுக்கும். நுரை தன்னிடம் வைத்திருந்த மொத்தச் சூட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இது. கனமான கிண்ணம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு அதனால் ஒற்றைப் பதில் கிடையாது. சூடேற்றிய கனமான கிண்ணத்தைப் போல நல்லது இல்லை, சூடேற்றாத கனமான கிண்ணத்தைப் போல மோசமானது இல்லை. 100 கிராம் எவர்சில்வர் கிண்ணத்துக்கு ஒரு டிகிரிக்கு 50 ஜூல் போதும். அது நுரையிடமிருந்து அதிகம் பிடுங்காது, திருப்பிக் கொடுக்கவும் அதனிடம் எதுவும் இராது.

அடுத்த வழி ஆவியாதல். நான் இதையே பெரிய இழப்பாக நினைக்கிறேன், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் சுமார் 2400 ஜூல் வெப்பத்தைச் சுற்றியிருப்பவற்றிடமிருந்து எடுத்துக்கொள்ளும். அப்படியானால் 1260 ஜூலைக் கொண்டுபோக அரை கிராமுக்குச் சற்று அதிகமான தண்ணீர் ஆவியானால் போதும். பத்துப் பன்னிரண்டு சொட்டு. நுரையின் மேற்பரப்பு கரடுமுரடானது, முகடும் பள்ளமுமாக விரிந்தது, பிரஷ் சுற்றும்போதெல்லாம் புதிதாகப் புரண்டு வருவது. அந்தப் பத்துச் சொட்டு போவது பெரிய காரியமே அல்ல. கன்னத்தில் பூசிய நுரையிலும் இதுவேதான் நடக்கிறது. மேல்படலம் ஆவியாகி ஆவியாகி, காற்று வறண்டிருந்தால் அறை வெப்பநிலைக்கும் கீழே இறங்கிவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

வெந்நீரில் குளித்த கையோடு அதே குளியலறையில் சவரம் செய்தால் நுரை நெடுநேரம் சூடாக இருப்பதற்கும் விளக்கம் இங்கேயே கிடைக்கிறது. அறை முழுக்க நீராவி நிறைந்திருக்கும்போது நுரையிலிருந்து ஆவி கிளம்புவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சலூனில் தலைக்கு மேல் மின்விசிறி சுழலும்போது நிலைமை நேர்மாறு. நுரையின் மேல் தேங்கும் ஈரக்காற்றை விசிறி விலக்கிக்கொண்டே இருக்கிறது. சென்னையின் புழுக்கத்தில் தாக்குப்பிடிக்கும் நுரை ஊட்டியின் டிசம்பர் காலையில் சட்டென்று ஆறிப்போவதற்குக் குளிர் ஒரு பாதிக் காரணம்தான், காற்றின் வறட்சியும் சேர்ந்துகொள்கிறது. ஆவியாதலைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தால் போதும். முதல் சுற்று வழித்து முடியும்வரை மூடி இருந்தால், தட்டின் அடியில் சொட்டுச் சொட்டாகக் கோத்திருப்பதைப் பார்க்கலாம். போகவிருந்த வெப்பத்தில் ஒரு பங்கு அது.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் நெற்றிக்கு நேரே பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை நம்ப வேண்டாம். அது நுரையின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். மேற்பரப்போ ஆவியாதலால் முன்பே குளிர்ந்திருக்கும், உள்ளே இன்னும் பல டிகிரி சூடு இருக்கலாம். சமையலறையில் பாலுக்கும் பாகுக்கும் வைத்திருக்கும் குத்தூசி வெப்பமானியை நுரைக்குள் நட்டால் சரியான எண் கிடைக்கும்.

குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் வசதி வருவதற்கு முன்பு, 19ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெந்நீரை அடுப்படியிலிருந்து சுமந்துதான் அறைக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோன தண்ணீர் ஆறுவதற்குள் சவரம் முடிய வேண்டும். அந்தத் தேவையிலிருந்து வந்தது ஸ்கட்டில் என்ற பீங்கான் குவளை. பார்க்க விசித்திரமான பாத்திரம். குவளையின் வயிற்றில் வெந்நீர் நிற்கும். ஒரு பக்கத்தில் கெண்டியின் மூக்கைப் போல, ஆனால் பிரஷ் முழுதாக நுழையும் அளவுக்கு அகன்ற வாய் இருக்கும். மேலே சோப்பு வைக்கச் சிறு தட்டு, அதில் தண்ணீர் வடிய ஓட்டைகள். பிரஷ்ஷை மூக்கு வழியாக வெந்நீரில் முக்கி எடுத்து, மேலேயுள்ள சோப்பில் தேய்த்து, முகத்தில் நுரை எழுப்புவார்கள். நுரையிலிருந்து வடிந்த நீர் ஓட்டை வழியாக மறுபடி வெந்நீரிலேயே சேரும். அந்த வடிவத்தை உருவாக்கியவர்கள் நுரையைச் சூடாக வைக்க முயலவில்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீரையும் பிரஷ்ஷையும்தான் சூடாக வைத்தார்கள், நுரையை அவ்வப்போது புதிதாக எழுப்பிக்கொண்டார்கள்.

இன்றைய குயவர்கள் செய்யும் ஸ்கட்டில் வேறு மாதிரி. இரட்டைச் சுவர்க் கிண்ணம், இரண்டு சுவர்களுக்கும் நடுவே வெந்நீர். உட்சுவரில் வளையம் வளையமாக வரம்புகள் இருக்கும். பிரஷ்ஷின் முடி அதில் உரசிக் காற்றை உள்ளே இழுத்து நுரையைச் சீக்கிரம் எழுப்பும். நடுவில் 200 மில்லி தண்ணீர் 60 டிகிரியில் நின்றால், அது 40 டிகிரிக்கு இறங்குவதற்குள் 16,800 ஜூல் கொடுக்கும். நுரையின் சொந்தச் சேமிப்பைப் போலப் பதின்மூன்று மடங்கு. ஆவியாகிப் போவதை ஈடுகட்டிய பிறகும் மிச்சம் இருக்கும்.

இதை விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. நம் வீட்டு டபரா ஒன்றில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை உட்கார வைத்தால் தத்துவம் அதேதான். இங்கே எவர்சில்வரின் மெல்லிய சுவர் குறை அல்ல, நிறை. வெந்நீரின் சூட்டைத் தாமதிக்காமல் உள்ளே அனுப்பிவிடும். கிண்ணம் மிதக்காமல் அடியில் படிந்து நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். என்னைக் கேட்டால், அழகான பீங்கான் ஸ்கட்டிலுக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் பயனில் பெரிய வித்தியாசம் கிடையாது.

சிலர் வேறொரு குறுக்கு வழி பார்க்கிறார்கள். ஆறிய நுரையில் நேரடியாகக் கொஞ்சம் வெந்நீரை விட்டுக் கலக்குவார்கள். 30 டிகிரிக்கு ஆறிவிட்ட நுரையில் 60 டிகிரி வெந்நீர் இரண்டு மில்லி சேர்த்தால், நுரை 33 அல்லது 34 டிகிரிக்குத்தான் ஏறும். அதற்குள் நுரை தளர்ந்து ஒழுக ஆரம்பித்துவிடும். சூடு சேர்க்கும் முறையாக இது பலன் தராது.

வெப்பம் தாராளமாகக் கிடைக்கிறதென்று நுரையை 60 டிகிரிக்கு ஏற்றினால் என்ன? நுரை செத்துப்போகும். அதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, நுரையின் உள்ளமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

குமிழிகள் நெருக்கியடித்துச் சேரும் இடத்தில் எப்போதும் மூன்று படலங்கள்தான் ஒரு விளிம்பில் சந்திக்கும், ஒன்றுக்கொன்று 120 டிகிரி கோணத்தில். அந்த விளிம்புகளில் நான்கு ஒரு புள்ளியில் கூடும், 109.5 டிகிரி கோணத்தில். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாட்டோ இந்த விதிகளைக் கண்டு 1873இல் நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்குப் பார்வை முழுவதும் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சோப்புப் படலங்களை மற்றவர்கள் அவருக்காகப் பார்த்துச் சொல்ல, அவர் மனத்தில் வடிவியலைக் கட்டினார். அறிவியல் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைக்கும் உழைப்புகளில் அது ஒன்று. மூன்று படலங்கள் கூடும் அந்த விளிம்பு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அது வெறும் கோடு அல்ல, மெல்லிய வாய்க்கால். நுரையிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதி இந்த வாய்க்கால்களில்தான் நிற்கிறது, இவற்றின் வழியாகத்தான் கீழே வடிகிறது.

வடியும் வேகம் தண்ணீரின் பாகுத்தன்மையைப் பொறுத்தது. 20 டிகிரியில் அதை 1 என்று கொண்டால், 40 டிகிரியில் 0.65, 60 டிகிரியில் 0.47. சூடு ஏற ஏறத் தண்ணீர் நீர்த்து ஓடுகிறது, வாய்க்கால்கள் சீக்கிரம் வற்றுகின்றன, படலங்கள் மெலிந்து உடைகின்றன, சின்னக் குமிழிகள் அழிந்து பெரியவை பெருக்கின்றன. கிண்ணத்தில் இது கண்ணால் தெரியும். நல்ல நுரையில் தனிக் குமிழி என்று எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. பிரஷ்ஷைத் தூக்கினால் முனை வளைந்த முகடு அப்படியே நிற்கும், மேலே முத்துப் போல ஒரு மினுக்கம் இருக்கும். அந்த மினுக்கத்தைத் தருபவை சோப்பிலுள்ள ஸ்டியரிக் அமிலத்தின் நுண்ணிய படிகங்கள். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் படிகம் கரைந்து மினுக்கம் மறையும், முகடு சரியும், கடுகளவு குமிழிகள் ஓரத்தில் வெடிக்க ஆரம்பிக்கும், கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கும். 40 முதல் 45 டிகிரி வரைதான் நுரையும் பிழைத்திருக்கும், தோலுக்கும் இதமாக இருக்கும். இரட்டைச் சுவர்க் கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இவ்வளவு பாடுபட்டு 45 டிகிரியில் வைத்த நுரை முகத்தில் பட்டதும் தோலை எவ்வளவு சூடாக்கும்? இரண்டு பொருள்கள் தொடும்போது, தொடுமிடத்தின் வெப்பநிலை இரண்டின் சராசரி அல்ல. வெப்பத்தை அதிகம் தேக்கி, விரைந்து கடத்தும் பொருளின் பக்கமாகவே அது சாயும். 50 டிகிரி தண்ணீரை 33 டிகிரித் தோலில் ஊற்றினால் தொடுமிடம் சுமார் 43 டிகிரியாகும். தோலில் சூட்டை வலியாக உணர்த்தும் நரம்பு முனைகள் விழித்துக்கொள்ளும் எல்லை அதுதான். 50 டிகிரி நுரையை, அது காற்று நிறைந்த நுரை மட்டுமே என்று கொண்டால், தொடுமிடம் 35 டிகிரியைத்தான் எட்டும். வெறும் இரண்டு டிகிரி!

அப்படியானால் முதல் பூச்சில் நாம் உணரும் அந்த இதம் எங்கிருந்து வருகிறது? பிரஷ்ஷிலிருந்து. பிரஷ்ஷின் அடர்ந்த முடிக்கற்றைக்கு நடுவே வெந்நீர் தேங்கி நிற்கிறது. கன்னத்தில் அழுத்தும்போது முடி விரிந்து, அந்தத் தண்ணீர் மெல்லிய படலமாகத் தோலில் நேரடியாகப் பரவுகிறது. நுரை அதன் மேல் போர்வையாக அமர்கிறது. பிரஷ்ஷை வெந்நீரில் ஊற வைக்காமல் கிண்ணத்தை மட்டும் சூடாக்குகிறவர்களுக்குப் பாதிப் பலன்தான் கிடைக்கும். சுற்றுகளுக்கு இடையில் பிரஷ்ஷை வெளியே நிறுத்தி வைப்பதும் அப்படியே. சூடான கிண்ணத்துக்குள் நுரையில் புதைத்து வைக்க வேண்டும்.

தொழிற்சாலைகளும் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. 1960களின் இறுதியில் ஜில்லெட் நிறுவனம் தானே சூடாகும் நுரையை டப்பாவில் அடைத்து விற்றது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு அறையிலும் அதை ஒடுக்கும் வேதிப்பொருள் கலந்த சோப்பு இன்னொரு அறையிலும் இருக்கும். அழுத்தினால் இரண்டும் கலந்து வினைபுரிந்து சூடாகும். பின்னாளில் வந்த சில பசைகளில் சியோலைட் தூள் இருந்தது. வறண்ட சியோலைட் தண்ணீரை உறிஞ்சும்போது வெப்பம் வெளிப்படும். இரண்டும் முதல் நிமிடத்தில் நன்றாகவே சூடு தந்தன. ஆனால் வினை முடிந்ததும் அந்த நுரையும் மற்ற நுரையைப் போலவேதான் ஆறியது. 2019இல் அதே ஜில்லெட் நுரையை விட்டுவிட்டு, ரேசரின் தலையிலேயே மின்கலத்தால் சூடாகும் எஃகுப் பட்டையைப் பொருத்தியது. 43, 50 டிகிரி என்று இரண்டு நிலைகள். உலோகம் தொட்டால் சூடு தங்குதடையின்றித் தோலுக்கு இறங்கும். நுரைவழியாகச் செய்ய முடியாததை இப்படிச் செய்தார்கள்.

சூடு எதற்கு என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. முகமுடி கெரட்டின் என்ற புரதத்தாலானது. அதன் சங்கிலிகளை இறுக்கிப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கிடையே தண்ணீர் புகுந்து அவற்றைத் தளர்த்துகிறது. நனைந்த முடி நீளத்தில் சற்றும் பருமனில் சுமார் 15 சதவீதமும் ஊதி, வெட்டுவதற்கு எளிதாகிறது. 1937இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் ஹாலந்தர், காசல்மன் இருவரும் வெளியிட்ட ஆய்வு, முடியை மிருதுவாக்குவது தண்ணீரே என்று காட்டியது. முடிமேல் உள்ள எண்ணெயை விலக்கித் தண்ணீருக்கு வழிவிடுவது சோப்பின் வேலை, ஊறும் நேரத்தைச் சுருக்குவது வெந்நீரின் வேலை. பிளேடின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஊறலின் அருமை தெரியும். 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்குக் கீழே முடியை வெட்டிப் பார்த்தார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி, பிளேடின் விளிம்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்ப்பதை அவர்கள் படம் பிடித்தார்கள்.

ஊறும் வேலை முதல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே சூடு மிகவும் தேவைப்படுவது சவரத்துக்கு முன்பும் முதல் பூச்சிலும். வெந்நீரில் முகம் கழுவி, சூடான பிரஷ்ஷால் இரண்டு மூன்று நிமிடம் நிதானமாக நுரை தேய்த்தால், முடி அதற்குள் தயாராகிவிடும். மூன்றாவது பூச்சுக்கு வரும்போது முடி ஏற்கெனவே ஊறியிருக்கிறது. அப்போது கவனிக்க வேண்டியது நுரையின் சூட்டைவிட அதன் ஈரத்தை. வெப்பத்தைக் கொண்டுபோன அதே ஆவியாதல் தண்ணீரையும் கொண்டுபோயிருக்கிறது. காய்ந்த நுரையில் பிளேடு வழுக்காது, எதிர்ப்போக்கில் இழுக்கும்போது தோலைச் சிராய்த்துவிடும். கன்னத்தில் பூசியது மினுக்கம் மங்கித் தகடுபோல ஒட்டினால், பிரஷ்ஷின் நுனியை மட்டும் டபராவில் நிற்கும் வெந்நீரில் தொட்டு, கன்னத்திலேயே இரண்டு சுற்று சுற்றினால் வழுவழுப்பு திரும்பும். அந்தச் சில சொட்டுகள் நுரையைச் சூடாக்காது. ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடாக அவை போதும், தோலைத் தொடும் படலத்துக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பையும் கொடுக்கும்.